ஈரலுக்கு எல்லாம் மருந்துதான்

எங்கள் வீட்டில் மருந்து இரண்டு இடங்களில் இருந்தது. அம்மம்மாவின் மருந்து சாமியறைத் தட்டில், பழைய பால்மா ரின் ஒன்றுக்குள். அப்பாவின் மருந்து பின்வளவுக் கொட்டிலில், பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில், வளையில் கட்டித் தொங்கியது. "மருந்தை எடுத்து வா" என்று யாராவது சொன்னால், எந்த மருந்து என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் காலை எடுத்து வைப்பேன். நோய்க்குக் குடிப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, வெடிக்குள் அடைப்பதும் மருந்து. இவை போதாதென்று, கல்யாணம் முடித்த பையன் பெண் வீட்டைவிட்டு அசையாமல் கிடந்தால் "மருந்து கொடுத்துவிட்டார்கள்" என்பார்கள். மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைச் சீண்டுவதும் இதை வைத்துத்தான். (எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவது வழமை. அதற்கு மருந்தும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு போதும்.)

நான் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. ஈரலின் அகராதியும் எங்கள் வீட்டு அகராதியைப் போன்றதுதான் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. குளிசை, பூச்சிகொல்லி, கசிப்பு என்ற கள்ளச் சாராயம், கஷாயம், சுருட்டுப் புகை எல்லாம் அங்கே ஒரே வாசலால்தான் நுழைகின்றன. வருவது நன்மை செய்ய வந்ததா, கெடுக்க வந்ததா என்று அது கேட்பதில்லை. தண்ணீரில் கரையாத அந்நியப் பொருள் என்றால் பிடித்து மாற்றி அனுப்பப் பார்க்கும். அந்த மாற்றத்தில் என்ன பிறக்கிறது என்பதுதான் கதை.

1996, சிறுபோகம். ஆடி மாதம். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் கச்சான் என்றால் நிலக்கடலை. மேற்கே மலையைத் தாண்டி இறங்கி வந்து உதட்டை வெடிக்கவைக்கும் சுடுகாற்றுக்கும் அதே பெயர்தான். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரு வட்டையில் அப்பாவுக்கு நான்கு ஏக்கர். வேளாண்மையில் பூச்சி பட்டிருந்தது. காற்று விழும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பூச்சி பொறுக்காது என்றும் தெரியும். முதுகில் சுமக்கும் டாங்கியின் மூடி வாசர் தேய்ந்திருந்தது. அதற்கு ஒரு பொலித்தீன் துண்டை மடித்து வைத்துத் திருகிக்கொண்டார். பகல் முழுக்கப் பதினொரு டாங்கி அடித்தார். மத்தியானமே சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்துவிட்டது. கையை மட்டும் வாய்க்காலில் கழுவிவிட்டு, மருத மரத்தடியில் சோறு சாப்பிட்டார். பின்னேரம் சைக்கிளில் வீடு வந்தார். கொஞ்சம் களைப்பு என்றார். வெயில் என்று நாங்களும் நினைத்தோம்.

இரவு எட்டு மணிக்குச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். நெற்றி வியர்த்தது. வாயில் நீர் ஊறி ஊறித் துப்பிக்கொண்டிருந்தார். "கண் மங்குகிறது, விளக்கைத் தூண்டு" என்றார். அம்மா திரியைத் தூண்டிவிட்டு விளக்கை முகத்தருகே கொண்டுபோனார். அப்போதுதான் நான் பார்த்தேன்: அப்பாவின் கண்மணி ஊசித்துளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அம்மா விளக்கைப் பின்னுக்கு எடுத்தபோதும் அது விரியவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. விளக்கு விலகினால் கண்மணி விரிய வேண்டும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தேன்.

அது இரவில் வாவியைக் கடக்க முடியாத காலம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன்பு மண்முனையில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்குப் பாதையில்தான் போக வேண்டும். பாதை என்றால் எங்களிடம் சாலை அல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. அதுவும் பகலில் மட்டும், சோதனைச் சாவடி திறந்திருந்தால் மட்டும். ஆகவே அண்ணன் ஓடிப்போய், ஓய்வு பெற்று ஊரில் இருந்த அப்போதிக்கரி (உதவி வைத்தியர்) ஐயாவைக் கூட்டி வந்தார்.

ஐயா நாடி பிடிப்பதற்கு முன் சட்டையை மோந்து பார்த்தார். "இதை இன்னும் ஏன் போட்டிருக்கிறான்? கழற்று. சவர்க்காரம் கொண்டு வா, முதுகையும் தலையையும் கழுவு" என்று அம்மாவை விரட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு மட்டைப் பெட்டியை எடுத்தார். அதற்குள் அற்றோப்பின் என்ற முறிப்பு மருந்து. ஒவ்வொரு குப்பியிலும் 0.6 மில்லிகிராம். ஐந்து குப்பிகளின் கழுத்தை வரிசையாக முறித்து ஊசியில் ஏற்றினார். அதன் பின் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் கமக்கட்டுக்குள் கையை வைத்து வைத்துப் பார்த்தார். "கமக்கட்டுக் காய்ந்தால் பயமில்லை" என்றார். பத்து நிமிடத்துக்கு ஒருதடவை நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். காயவில்லை என்றால் இன்னொரு குப்பி. விடியும்போது பெட்டி காலி.

காலையில் முதல் பாதையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அற்றோப்பினைச் சேலைனில் ஏற்றினார்கள். மத்தியானம் ஆனதும் அப்பா படுக்கை விரிப்பிலிருந்து இல்லாத நூலைப் பிடுங்கத் தொடங்கினார். எப்போதோ விற்றுவிட்ட எருதுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா அழுதார். மருந்து கொஞ்சம் கூடிவிட்டால் இப்படிப் பிதற்றுவார்கள், குறைத்தால் சரியாகிவிடும் என்று தாதி சொன்னார். அப்படியே ஆயிற்று. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக டாங்கிக்கு வாசர் வாங்க ஆள் அனுப்பினார்.

எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மருந்தில் நனைந்தது மத்தியானம். சைக்கிள் மிதித்து வந்தது பின்னேரம். விழுந்தது இரவு. நடுவில் அத்தனை மணித்தியாலம் அது என்ன செய்துகொண்டிருந்தது? அப்போதிக்கரி ஐயாவிடம் கேட்டேன்.

"வயலில் அவன் மேலில் ஊற்றிக்கொண்டது பாதி விஷம், மகன். மீதியை அவனுடைய ஈரல்தான் செய்து முடித்தது" என்றார்.

கிழவர் தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் இரசாயனம்தான் பேசியிருக்கிறார். கொட்டிலில் தொங்கிய போத்தலில் இருந்தது பென்தியோன். அந்த வகை மருந்துகளில் பொசுபரசு அணுவோடு ஒரு கந்தக அணு ஒட்டியிருக்கும். அப்படி இருக்கும்வரை அது நரம்புக்குப் பெரிய கெடுதி செய்வதில்லை. ஈரலில் இருக்கும் நொதியம் ஒன்று, அதாவது இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் புரதம் ஒன்று, கந்தகத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒட்சிசனைப் பூட்டுகிறது. அதன் பின்தான் அது நரம்பு முனைகளில் வேலை செய்யும் ஒரு நொதியத்தைப் போய் இறுகப் பிடிக்கிறது. அசற்றைல்கோலின் என்ற செய்திப் பொருளை, செய்தி போய்ச் சேர்ந்தவுடன் துடைத்துவிடுவது அந்த நொதியத்தின் வேலை. துடைக்க ஆள் இல்லாவிட்டால் ஒரே செய்தி ஓயாமல் ஒலிக்கும்: வியர், உமிழ், கண்மணியைச் சுருக்கு, சுவாசப்பையை நீரால் நிரப்பு. பென்தியோனுக்குக் கொழுப்பில் பிரியம் அதிகம். உடம்பின் கொழுப்புக்குள் போய் ஒளிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அப்பா சைக்கிள் மிதித்து வந்தபோது ஈரலில் பட்டறை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

பூச்சியின் உடம்பிலும் இதே மாற்றம்தான் நடக்கிறது. தன் சாவைத் தானே சமைத்துக்கொள்ளும்படி பூச்சிக்கு அரைகுறைச் சரக்கைக் கொடுப்பதுதான் இந்த மருந்தின் சூட்சுமம். வேடிக்கை என்னவென்றால், அந்த விஷத்தை வெட்டி உடைக்கும் இன்னொரு நொதியத்தையும் ஈரலே செய்து இரத்தத்தில் விடுகிறது. ஒரே பட்டறையில் ஒருவன் கத்தி அடிக்கிறான், இன்னொருவன் அதை முறிக்கிறான். யாருடைய கை வேகம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்து வயல்காரன் இதே மருந்தை இதே கசிவோடு அடித்துவிட்டு ஒரு தலையிடியோடு தப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பென்தியோனை இப்போது கடையில் வாங்க முடியாது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேற்று, பரகுவாற்று ஆகியவற்றோடு சேர்த்து அதையும் இலங்கையில் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவை எடுத்தவர்களுக்கு விவசாயிகள் சிலை வைக்கவில்லை, வைத்திருக்கலாம்.

கந்தகத்தைக் கழற்றும் அந்த நொதியக் கூட்டத்துக்கு ஒரு விசித்திரமான பெயர்: சைற்றோகுரோம் பி450. 1958இல் ஈரல் கலங்களில் ஒரு நிறமி இருப்பதைக் கண்டார்கள். காபனோரொட்சைட்டு வாயு ஒட்டிக்கொண்டதும் அது 450 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை விழுங்கும். அது என்ன வேலை செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 1962இல் ஒசாகாவில் ஒமுராவும் சாட்டோவும் அதற்குத் தற்காலிகமாக ஒரு பெயர் வைத்தார்கள்: நிறமி என்பதற்கு ஒரு எழுத்து, பக்கத்தில் 450. வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறியதுபோல அதுவே நிலைத்துவிட்டது. மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் 57 பேர் என்று பின்னர் எண்ணினார்கள். அவர்களுக்கு வைத்திருக்கும் இலக்கங்கள் அசல் தபால் விலாசம். 3ஏ4 என்றால் மூன்றாம் குறுக்குத் தெரு, ஏ ஒழுங்கை, நாலாம் வீடு. நான் கடையில் விற்கும் குளிசைகளில் கணிசமான பங்கு அந்த நாலாம் வீட்டு வாசலைத்தான் தட்டுகின்றன.

இவர்கள் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை. எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறு பிடியில்லாத பானை மாதிரி, சிறுநீரகத்தால் அதைத் தூக்க முடியாது. பி450 அதற்கு ஓர் ஒட்சிசன் அணுவைப் பிடியாக வைக்கும். அடுத்து வேறு நொதியங்கள் வந்து அந்தப் பிடியில் சர்க்கரை சார்ந்த அமிலத்தையோ சல்பேற்றையோ குளுட்டாதயோன் என்ற உடம்பின் காவல் பொருளையோ கட்டிவிடும். பிறகு பானை தண்ணீரோடு போய்விடும், சிறுநீரிலோ பித்தத்திலோ. பெரும்பாலும் இது சுமுகமாக நடக்கிறது. சிலவேளை பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிறது.

பரசிட்டமோல் அப்படித்தான். பனடோல் என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். அதில் பெரும்பங்கு பி450 பக்கமே போகாமல் நேரே வெளியேறிவிடும். ஒரு சிறு பங்கை மட்டும் 2இ1 என்ற விலாசக்காரர் பிடித்துக் கடுமையான ஒரு பொருளாக மாற்றுவார். குளுட்டாதயோன் உடனே அதைக் கட்டிப்போட்டுவிடும், நமக்குத் தெரியவே வராது. ஒருவர் நாள் தவறாமல் குடிப்பவர் என்று வையுங்கள். அற்ககோல் 2இ1ஐப் பெருக்கிவைத்திருக்கும். சரியாகச் சாப்பிடாததால் குளுட்டாதயோன் குறைந்திருக்கும். காலையில் தலையிடி என்று நான்கு, மத்தியானம் நான்கு, இரவு இன்னும் நான்கு. எட்டுக்கு மேல் ஒரு நாளில் கூடாது என்று நான் சொன்னால், "தலையிடிக் குளிசைதானே?" என்று சிரிப்பார்கள். பரசிட்டமோல் கூடிப்போனால் ஆள் முதல் நாள் நன்றாகவே நடமாடுவார். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும். செங்கண்மாரி என்று கீழ்க்காய் நெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். குளுட்டாதயோனை மீட்டெடுக்கும் அசற்றைல்சிஸ்ரீன் என்ற ஊசி மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம் அதற்குள் போய்விடும்.

கசிப்பின் கதை இதற்குத் தலைகீழ். கலப்படக் கசிப்பில் மெதனோல் இருந்தால், வயிற்றில் அது வெறும் வெறிதான். ஈரலில் அற்ககோலைக் கையாளும் நொதியம் அதையும் கையாண்டு, கடைசியில் போமிக் அமிலமாக்கி, கண் நரம்பைத் தின்னவிடுகிறது. அந்த நொதியத்துக்கு மெதனோலைவிட எதனோலில்தான் விருப்பம் அதிகம். ஆகவே வேறு முறிப்பு மருந்து கைவசம் இல்லாத ஆஸ்பத்திரியில் வைத்தியர் அளந்து எதனோலையே கொடுப்பதுண்டு. நொதியம் அதில் மினக்கெடும் நேரத்தில் மெதனோல் மாறாமலே வெளியேறிவிடும். இதை நான் ஒருவரிடம் விளக்கப்போய், கசிப்புக்கு மேல் சாராயம் குடித்தால் ஆபத்து இல்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதன் பின் இந்தக் கதையைக் கடையில் சொல்வதில்லை.

சொல்லாமல் விட்டதால் வந்த வினை வேறு. 2007ஆம் ஆண்டு, கடை தொடங்கி நாலாவது வருடம். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் மாதா மாதம் என்னிடம் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை வாங்குவார். ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "தம்பி, எனக்குச் சிறுநீர் தோடம்பழ நிறத்தில் போகிறது" என்றார். கசநோய்க்கு ஆறு மாத மருந்து தொடங்கியிருந்தார். நான் பெருமையோடு சொன்னேன்: "அது றிபாம்பிசின் குளிசையின் நிறம், அக்கா. பயப்பட வேண்டாம். கண்ணீர்கூட அந்த நிறத்தில் வரும்." அவர் நிம்மதியாகப் போனார். அந்த மாதத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு அட்டையையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து வந்தார். கடையில் ஆட்கள் போய் முடியும்வரை ஓரமாக நின்றார். பிறகு கைப்பையைத் திறந்து, றப்பர் வளையம் போட்டுக் கட்டிய வெற்றுக் குளிசை அட்டைகளை மேசையில் வைத்தார். ஒவ்வொரு குழியும் வெறுமையாக இருந்தது. "ஒரு நாளும் தப்பவில்லை, தம்பி. எண்ணிப் பார். வீட்டில் நான் வேண்டுமென்றே விட்டேன் என்கிறார்கள்" என்றார். நான் எண்ணினேன். உண்மையில் ஒன்றும் தப்பவில்லை. எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

அன்றிரவு புத்தகத்தைத் திறந்தேன். றிபாம்பிசின் ஈரல் கலத்துக்குள் போய், 3ஏ4ஐ இன்னும் செய், இன்னும் செய் என்று கட்டளை போடும் மருந்து. ஆட்கள் பெருகிய நாலாம் வீடு, எதிரே வந்த ஹோமோன் குளிசையையும் நேரத்துக்கு முன்பே உடைத்து அனுப்பியிருக்கிறது. கசநோய்க் கிருமியைக் கொல்ல வந்தது பக்கத்து மருந்தையும் கொன்றுவிட்டது. இந்தச் செய்தி 1970களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியிலிருந்து அச்சில் வந்திருக்கிறது. கிளினிக்கில் யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். நிறத்தை விளக்கத் தெரிந்தவனுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டத் தெரியவில்லை. மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போய், கணவர் முன்னால் புத்தகத்தை வைத்துச் சொன்னேன். அவர் நம்பினாரோ என்னவோ, தேத்தண்ணீர் தந்தார். அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறான், விஞ்ஞானப் பிரிவு. கடைக்கு வந்தால் நான் காசு வாங்குவதில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் மேசையில் ஒரு கொப்பி வைத்தேன். மருந்துத் துண்டோடு வருகிற எவரிடமும் வேறு என்னென்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவேன். "ஒன்றும் இல்லை" என்பார்கள் முதலில். கடையைவிட்டு இறங்கும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

அந்தக் கொப்பி ஒரு நோன்பு மாதத்தில் கைகொடுத்தது. எதிர்ப் பலசரக்குக் கடைக் காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை எங்களிடம் இப்படித்தான் கூப்பிடுவோம்) நீண்ட காலமாக முட்டு வருத்தம், அதாவது மூச்சிழுப்பு. தியோபிலின் குளிசை, காலையும் இரவும். சுருட்டையும் விடமாட்டார். அந்த வருடம் நோன்பின் முதல் நாளோடு சுருட்டை முற்றாக விட்டுவிட்டார். பள்ளிவாசலில் எல்லாரும் பாராட்டினார்கள். குளிசையைச் சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்த பின் ஒன்று என்று ஒழுங்காகவே எடுத்தார். இரண்டு கிழமை போனதும் அவரிடம் பருப்பு வாங்கப் போனேன். தராசுத் தட்டு நிலைகொள்ளவில்லை. கரண்டியைப் பிடித்த கை நடுங்கி, பருப்பு மேசையில் சிதறியது.

"சுருட்டை விட்டதால் வந்த நடுக்கம் என்கிறார்கள், தம்பி. நித்திரையும் இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, சத்தியும் வருகிறது" என்றார்.

சொன்னவர்கள் சொன்னது சரிதான், அவர்கள் நினைத்த விதத்தில் அல்ல. சுருட்டுப் புகையின் கரிப் பொருட்கள் 1ஏ2 என்ற நொதியத்தைப் பெருக்கிவைக்கும். தியோபிலினை உடைப்பதும் அதே 1ஏ2. காக்காவின் ஈரல் இத்தனை வருடமும் குளிசையின் பெரும்பங்கை வேகமாக உடைத்துத் தள்ளியிருக்கிறது, அதற்கு ஈடாக வைத்தியரும் அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். புகை நின்றதும் சில நாட்களில் நொதியம் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அதே குளிசை, அதே அளவு, இப்போது இரத்தத்தில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. "காக்கா, நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள், குளிசைக்குத்தான் அது தெரியவில்லை" என்று சொல்லி, விபரத்தைத் துண்டில் எழுதி அன்றே வைத்தியரிடம் அனுப்பினேன். அளவைக் குறைத்தார்கள். பெருநாளுக்கு முன்பே கை நின்றுவிட்டது. சுருட்டுக்கு அவர் திரும்பவில்லை. "சுருட்டுக்குக் காசு, சுருட்டு எரித்த குளிசைக்கும் காசு. இத்தனை வருடம் இரட்டை நட்டம்" என்று கணக்குப் பார்த்தார். வியாபாரி அல்லவா. தேயிலையில் உள்ள கபீனையும் இதே 1ஏ2தான் உடைக்கிறது. புகை பிடிப்பவர் பத்துப் பிளேன்டீ குடித்தும் படுத்தவுடன் உறங்குவதில் அதற்கும் பங்குண்டு.

சுருட்டோ றிபாம்பிசினோ இல்லாமலே ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பதை லண்டனில் ஒரு பேராசிரியர் தன் உடம்பிலேயே கண்டார். றொபேட் ஸ்மித் என்பவர். 1970களின் நடுவில், டெப்ரிசோகுயின் என்ற இரத்த அழுத்த மருந்தை ஆய்வுகூடத்தார் சிலரோடு சேர்ந்து தானும் விழுங்கினார். மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு மட்டும் அழுத்தம் சரிந்து, எழுந்து நிற்க முடியவில்லை. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவில் அந்த மருந்தை உடைக்கும் நொதியம் வேலை செய்யவில்லை என்பது பின்னர் தெரிந்தது. இன்று அதை 2டி6 என்கிறோம். இருமலுக்கும் வலிக்கும் கொடுக்கும் கொடீன், உடம்பில் மோபீனாக மாறித்தான் வலியை ஆற்றுகிறது. மாற்றுவது 2டி6தான். ஒருவருக்கு அது வேலை செய்யாவிட்டால் கொடீன் பச்சைத் தண்ணீர். மிகையாக வேலை செய்தால் சிறிய அளவே மூச்சை அடக்கிவிடும். "இந்தக் குளிசை எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்பவரை நான் இப்போது மறுத்துப் பேசுவதில்லை.

மூலிகை என்றால் பயமில்லை என்று நம்புகிறவர்களோடுதான் எனக்கு இன்னும் வாக்குவாதம். இந்த நொதியங்கள் மருந்துக் கம்பனிகள் பிறப்பதற்குப் பல கோடி வருடங்களுக்கு முன்பே இருந்தவை. ஓடித் தப்ப முடியாத செடி தன்னைத் தின்ன வருவதற்கு விஷம் வைக்கும். தின்கிற விலங்கு அதை உடைக்க நொதியம் வைத்திருக்கும். தரவைகளில் மஞ்சள் பூப் பூத்து, காய் முற்றினால் கிலுகிலுவென்று சத்தமிடும் கிலுகிலுப்பைச் செடியைத் தெரியும்தானே? அந்தச் செடிகளில் ஒரு வகை அற்கலோயிட்டு உண்டு. உள்ளே போகும்போது சாது. 3ஏ4 கை வைத்ததும் ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களையே அடைத்துக் கெடுக்கும் பொருளாகிவிடும். இலங்கை நாட்டுவைத்தியத்தில் புழங்கும் சில மூலிகைகளில் அது இருப்பதை எங்கள் நாட்டு ஆய்வாளர்களே 1981இல் எழுதிவிட்டார்கள். நல்ல பரிகாரிக்கு எதைத் தொடக்கூடாது என்று தெரியும். முகநூலில் பொடி விற்கும் தம்பிக்குத் தெரியுமா என்பது என் சந்தேகம். அதிலும் "ஈரலைக் கழுவும் பானம்" என்று ஒன்று வருகிறது. ஈரல் என்ன, கழுவி வைக்கச் சோற்றுப் பானையா?

அம்மம்மாவின் மிளகுத் தண்ணீருக்கு மட்டும் நான் மரியாதை வைத்திருக்கிறேன், அதுவும் கொஞ்சம் பயத்தோடு. மிளகில் உள்ள பிப்பரின் ஈரல் நொதியங்களின் கையைச் சற்றுக் கட்டிப்போடும். 1998இல் பெங்களூரில் மஞ்சளின் குர்க்குமினைத் தனியாகவும் பிப்பரினோடு சேர்த்தும் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்துக்குள் போன அளவு 2,000 சதவீதம் கூடியது. குழம்பு வைத்த கிழவிகளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, கைப்பக்குவம் மட்டும் இருந்தது. ஆனால் மஞ்சளுக்குக் கதவு திறக்கிற மிளகு, பக்கத்தில் நிற்கும் வேறொரு குளிசைக்கும் திறக்கக்கூடும். குழம்பில் போடும் அளவுக்கு ஒன்றும் ஆகாது. மிளகுச் சாற்றைச் செறிவாக்கிக் கூட்டில் அடைத்து விற்பதுதான் யோசிக்க வேண்டியது.

கச்சானைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் வறுத்துச் சுருளில் தரும் கச்சானில், சுருங்கிக் கறுத்து, கடித்ததும் கசக்கும் ஒன்று அகப்படும். அப்பா அதைத் துப்பாமல் விடமாட்டார், எங்களையும் விழுங்க விடமாட்டார். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம், பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கு. அந்தப் பூஞ்சணத்தின் விஷமான அப்லாடொக்சினும் பென்தியோனுக்கு உறவுக்காரன்தான், ஈரல் ஒட்சிசனைப் பூட்டிய பிறகே மரபணுவில் போய் ஒட்டுகிறது. வறுத்தாலும் அது முழுதாக அழிவதில்லை. 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் இதே பொருள் இருந்தது என்று நாடே கொதித்ததே, அதுதான். மாரியில் சரியாகக் காயாத கொப்பரைக்கும் அந்த ஆபத்து உண்டு.

கொப்பியில் கடைசியாக ஏறியது போன கிழமை. வவுணதீவுப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் ஆச்சி. கொலஸ்திரோலுக்கு அற்றோவஸ்ரற்றின், இரவில் ஒன்று. வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். வழமைபோல ஒன்றும் இல்லை என்றார். நான் பேனையை மூடவில்லை. ஆச்சி பையைத் துழாவத் தொடங்கினார். வலிக்குப் பூசும் எண்ணெய், பேரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மஞ்சள் கூடு, கடதாசியில் மடித்த ஏதோ பொடி. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி ஒரு ஜம்போலாப் பழத்தை (பம்பளிமாஸ்) மேசையில் வைத்தார்.

"மரம் நிறையக் காய்த்திருக்கிறது, மகன். நாளுக்கு ஒன்று உரித்துச் சாப்பிடுகிறேன். கொழுப்பைக் கரைக்கும் என்றார்கள்."

1989இல் கனடாவில் டேவிட் பெய்லி என்பவரும் கூட்டாளிகளும், இரத்த அழுத்த மருந்து ஒன்றை அற்ககோலோடு கொடுத்து ஆராயும்போது, அற்ககோலின் ருசியை மறைக்கக் கிரேப்புருட் சாறு கலந்தார்கள். இரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். சாறு குடலில் இருக்கும் 3ஏ4ஐ முடக்கிவிட்டிருந்தது. கிரேப்புருட்டின் தாய்ப் பழம் ஜம்போலா. அதே சரக்கு இதிலும் இருக்கிறது. அற்றோவஸ்ரற்றினை உடைப்பதும் 3ஏ4. எப்போதாவது இரண்டு சுளை என்றால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். நாளுக்கு ஒரு முழுப் பழம் என்றதும் கேட்டேன்:

"ஆச்சி, தொடை, கெண்டைக்கால் எங்கேயாவது வலிக்கிறதா?"

"இந்த வயதில் வலிக்காமல் இருக்குமா? அதற்குத்தானே எண்ணெய்."

எப்போதிருந்து என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணினார். மரம் காய்க்கத் தொடங்கியதும் வலி தொடங்கியதும் கிட்டத்தட்ட ஒரே மாதம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்ப்பது வைத்தியரின் வேலை என்று துண்டில் எழுதி மடித்துக் கொடுத்தேன். வைத்தியர் சொல்லும்வரை பழத்தை நிறுத்துங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஆச்சி துண்டைக் கொசுவத்துக்குள் செருகினார். பையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். பழத்தை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அப்படியென்றால் இதை நீ சாப்பிடு, மகன். உனக்கு வருத்தம் ஒன்றும் இல்லைதானே."

கடை பூட்டிய பிறகு உரித்து, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுச் சாப்பிட்டேன். கொஞ்சம் புளிப்பு. எதிர்க் கடைக் காக்காவுக்கும் நான்கு சுளை கொண்டுபோனேன். கொடுப்பதற்கு முன், இப்போது என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.